கொஞ்சம் வெயில், கொஞ்சம் மூட்டம்

சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிகூட லண்டனில் பெய்வதில்லை. சென்னைக்குச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர், லண்டனுக்கு 600ஐ ஒட்டி. ஊருக்கு வரும்போது இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும் தேசம் என்றுதான் இங்கிலாந்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் கணக்கு பொய்யில்லை. சென்னை தன் பங்கில் பெரும்பகுதியை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில், சில இரவுகளிலேயே வாங்கிக் கொட்டிக்கொண்டு, மற்ற மாதங்களில் அண்ணாந்து பார்த்தபடி இருக்கிறது. லண்டன் அதில் பாதிக்கும் குறைவான தண்ணீரை ஆண்டு முழுக்கத் தூற்றலாகத் தெளித்துக்கொள்கிறது. மழைக்கென்று ஒரு பருவம் கிடையாது. எந்த மாதத்திலும், எந்த மணி நேரத்திலும் நாலு துளி விழலாம், விழாமலும் போகலாம். பிரிட்டிஷ்காரர்களின் வானிலைப் பேச்சு மொத்தமும் இந்த ‘போகலாம்’ மேல்தான் நிற்கிறது.

தீவு கிடக்கும் இடம் அப்படி. தென்மேற்கிலிருந்து அட்லான்டிக்கின் ஈரமான வெதுவெதுப்பு வருகிறது. வடக்கிலிருந்து துருவக் காற்று. கிழக்கிலிருந்து, சைபீரியா வரை விரிந்து கிடக்கும் நிலத்தின் வறண்ட குளிர். எப்போதாவது தெற்கே சஹாரா பக்கமிருந்து அனல், கூடவே கார்க் கண்ணாடியில் படியும் செம்மண் தூசு. இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் பிரிட்டன் இருக்கிறது. உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் வடக்கே விலகினால் ஒரு வானம், தெற்கே இறங்கினால் வேறொரு வானம். ஆனால் இதே கடல்தான் தீவைக் காப்பாற்றவும் செய்கிறது. எடின்பரோவும் மாஸ்கோவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மாஸ்கோவின் குளிர்காலம் எடின்பரோவுக்கு இல்லை. ஆகவே இந்த வானிலைக்கு இரண்டு குணங்கள். அடிக்கடி மாறும், எதையும் அளவோடு செய்யும். மாறுவதால் பேச விஷயம் கிடைக்கிறது. அளவோடு இருப்பதால் சிரித்துக்கொண்டே பேச முடிகிறது. முதல் குணத்தைப் பற்றி முந்நூறு ஆண்டுகளாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் சந்தித்தால் முதல் பேச்சு வானிலைதான் என்று சாமுவேல் ஜான்சன் 1758இலேயே, ‘தி ஐட்லர்’ கட்டுரைத் தொடரில் எழுதிவிட்டார். இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை இருவரும் அவசரமாகச் சொல்லிக்கொள்கிறார்களே என்று கேலியும் செய்தார், நிலையில்லாத வானத்தின் கீழ் வாழ்கிறவர்களுக்கு அது இயல்புதான் என்று பரிந்தும் பேசினார். மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ் 2004இல் வெளிவந்த தன் நூலில் இதை இன்னும் ஒரு படி கீழே போய்ப் பார்த்தார். அவர் கணக்கில் இது வானிலையைப் பற்றிய பேச்சே இல்லை, கூச்சம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் நெருங்குவதற்கான ஒரு சடங்கு. சடங்குக்கு விதி உண்டு. முதல் விதி, ஒத்துப்போக வேண்டும். ‘குளிராக இருக்கிறது, இல்லையா?’ என்று ஒருவர் கேட்டால் ‘ஆமாம்’ என்பதுதான் பதில். ‘இல்லையே, எனக்குக் குளிரவில்லை’ என்றால் முகத்தில் அடித்ததுபோல. மறுத்தே ஆக வேண்டுமானால் தன் உடம்பின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்: ‘ஆமாம், ஆனால் எனக்குக் குளிர் கொஞ்சம் பிடிக்கும்.’

ஃபாக்ஸ் சொல்வது தெருவுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் லிஃப்டுக்கும் பொருந்தும். அலாட்மென்டுக்குப் பொருந்தாது என்பது என் அனுபவம்.

அலாட்மென்ட் என்பது நகராட்சியோ தேவாலயமோ சொற்ப வாடகைக்கு விடும் காய்கறி நிலம். வீட்டோடு ஒட்டியிருக்காது, ரயில் பாதை ஓரத்திலோ கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாலோ ஊர் மறந்துவிட்ட ஒரு மூலையில் இருக்கும். பழைய அளவில் பத்து ரோட், அதாவது 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு சென்ட். 1908ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடமையை உள்ளாட்சிகளின் தலையில் வைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும்கூட வெட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள். இப்போது காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கிழக்கு மிட்லண்ட்ஸில் நான் இருக்கும் ஊரில் எனக்கும் அரைத் துண்டு கிடைத்திருக்கிறது. பக்கத்துத் துண்டு, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாரையும் ‘மீ டக்’ என்பார், இந்தப் பக்கத்து வழக்கம் அது. எதிர்த் துண்டில் ஒரு குஜராத்தி மூதாட்டி. சௌராஷ்டிரத்தில் பிறந்து, கம்பாலாவில் கல்யாணமாகி, 1972இல் இடி அமீன் விரட்டியபோது இங்கே வந்து சேர்ந்தவர். எல்லாரும் அவரை ‘பா’ என்கிறோம். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெந்தயக்கீரையும் சுரைக்காயும் வளர்க்கிறார். மூவருக்கும் பொதுவான பேச்சு வானிலை. ஆனால் தெருவில் கேட்கும் வானிலைப் பேச்சு இல்லை இது.

தெருவில் நேற்று நடந்ததையும் இப்போது நடப்பதையும் பேசுகிறார்கள். தோட்டத்தில் இன்றிரவு நடக்கப்போவதைப் பேசுகிறார்கள். மே மாத நடுவில் வந்து பார்க்க வேண்டும். பகல் முழுக்கச் சட்டையைக் கழற்றிப்போட்டு வேலை செய்யும் அளவுக்கு வெயில் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேகம் கலைந்து வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாகிவிட்டால் மற்றவர்களுக்கு மகிழ்ச்சி, தோட்டக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். மேகப் போர்வை இல்லாத இரவில் பூமி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். காற்றும் அசையாவிட்டால் விடிகாலையில் உறைபனி இறங்கும். தக்காளி, பீன்ஸ், டாலியா எல்லாம் மறுநாள் காலை வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கும். மார்ச்சில் ஜன்னல் திண்ணையில் முளைக்கவைத்த நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்து, இரண்டு வாரமாவது குளிருக்குப் பழக்கிய பிறகுதான் மண்ணில் இறக்குவார்கள். வீடு முழுக்கத் தட்டுகளும் தொட்டிகளுமாக, சாப்பிட மேஜையில் இடமில்லாமல் திரியும் மே மாதம் அது. ‘இன்றைக்கு எடுத்து உள்ளே வைக்கணுமா?’ என்று பக்கத்துத் துண்டுக்காரரிடம் கேட்டால் அவர் ஒத்துப்போக மாட்டார். ‘இல்லை, காற்று இருக்கிறது, இறங்காது’ என்பார். ஃபாக்ஸின் முதல் விதி இந்த இடத்தில் உடைகிறது. பொருள் பணயமாக இருக்கும்போது மரியாதைக்கு ஒத்துப்போக முடியாதே.

நத்தை விஷயத்திலும் அப்படித்தான். ஈரமான வசந்தம் என்றால் ஓடுள்ளவையும் ஓடில்லாதவையுமாக நத்தைகள் ஒரே ராத்திரியில் ஒரு பாத்தி நாற்றை மொட்டையடித்துவிடும். அவற்றைக் கொல்லப் போட்டுவந்த மெட்டால்டிஹைடு குருணைகளுக்கு 2022இல் தடை வந்தது. அதே ஆண்டில் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி, இனி நத்தைகளைப் பீடை என்று அழைக்கப்போவதில்லை என்று அறிவித்தது. 1804இல் பிக்காடிலியில் ஒரு புத்தகக் கடையில் கூடித் தொடங்கிய சங்கம் அது, அவசரப்பட்டு எதையும் சொல்லாது. இருந்தாலும் எங்கள் அலாட்மென்டில் அந்த அறிவிப்பைப் பற்றிப் பேசியவர்களின் சொற்களை இங்கே எழுத முடியாது.

பிபிசி வானொலியில் ‘கார்டனர்ஸ் க்வெஸ்சன் டைம்’ என்றொரு நிகழ்ச்சி 1947 ஏப்ரலில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் அறையில் தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. ஊர் ஊராகப் போய், ஒரு மண்டபத்தில் உள்ளூர்த் தோட்டக்காரர்களைக் கூட்டி, நிபுணர்களிடம் கேள்வி கேட்கவைப்பார்கள். கேள்வி எதுவானாலும் நிபுணர்கள் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டு: உங்கள் மண் என்ன மண்? உங்கள் தோட்டம் எந்தத் திசை பார்த்தது? அதற்குப் பிறகுதான் பதில். மேடையில் மூன்று பேர் இருந்தால் மூன்று பதில். சண்டை போடாமல் மாறுபட ஒரு தேசம் எங்கே கற்றுக்கொண்டது என்று யாராவது கேட்டால் நாடாளுமன்றத்தைக் கைகாட்டுவார்கள். நான் இந்த மண்டபங்களைக் காட்டுவேன்.

தோட்டக்காரர்களின் பேச்சுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அது எழுத்தாகிவிடுகிறது. ரயில்வேக்காரர் தன் ஷெட் கதவின் உட்புறத்தில் பென்சிலால் கடைசி உறைபனி விழுந்த தேதியை வருஷாவருஷம் குறித்துவைக்கிறார். யாரும் கேட்டுச் செய்வதில்லை. இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வம்சாவளி இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற கிராமத்தில் துணைப் பாதிரியாராக இருந்த கில்பர்ட் வைட் 1751இலிருந்து தன் தோட்டத்துக்கு நாட்குறிப்பு எழுதினார். சாணத்தின் சூட்டில் பாத்தி கட்டி, குளிர் ஊரில் வெள்ளரியும் முலாம்பழமும் விளையவைக்கப் போராடிய மனிதர். அத்தையிடமிருந்து 1780இல் அவருக்கு ஓர் ஆமை வந்துசேர்ந்தது. டிமோதி என்று பெயர். அது குளிர்காலத் தூக்கத்துக்கு மண்ணுக்குள் இறங்கிய நாள், வசந்தத்தில் தலைநீட்டிய நாள், மழைக்கு முன்னால் அதன் நடையில் தெரிந்த மாற்றம் எல்லாவற்றையும் குறித்தார். அது பெண் ஆமை என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போயிற்று. 1783 கோடையில் வாரக்கணக்கில் சூரியன் மங்கி, துருப்பிடித்த நிறத்தில் எரிந்ததையும், கிராமத்தார் பயந்துபோனதையும் எழுதிவைத்தார். ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை கக்கிய புகை அது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததையும் கண்டது கண்டபடி எழுதிவைத்ததால்தான் அந்தப் பக்கங்கள் இன்று பயன்படுகின்றன.

வைட்டின் கடைசிக் காலத்தில் அவருக்குக் கடித நண்பராக இருந்தவர் நார்ஃபோக்கில் வாழ்ந்த ராபர்ட் மார்ஷம். மரப் பைத்தியம். 1736இலிருந்து வசந்தத்தின் அறிகுறிகள் என்று பட்டியல் போட்டார்: பனித்துளிப் பூ எப்போது பூத்தது, ஓக் எப்போது இலை விட்டது, தவளை எப்போது கத்தியது, தகைவிலான் எப்போது வந்தது. அவர் இறந்த பிறகு மகன், பேரன், அவர்கள் பிள்ளைகள் என்று குடும்பமே அந்தப் பட்டியலைத் தொடர்ந்தது, இடையில் சில விடுபடல்களோடு 1958 வரை. என்ன பயன் என்று கேட்காமல் இரண்டு நூற்றாண்டு. பயன் பிறகு வந்தது. இப்படிச் சாதாரணமானவர்கள் எழுதிவைத்த லட்சக்கணக்கான குறிப்புகளை அடுக்கிப் பார்த்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு இது: 406 தாவர இனங்களின் முதல் பூப்பு, 1986க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், சராசரியாக ஒரு மாதம் முன்னால் வந்துவிட்டது. வெட்டிப்பேச்சு என்று ஜான்சன் சிரித்த அதே பேச்சு, தாளில் இறங்கியதும் சாட்சியமாகிவிட்டது.

இங்கே ஊட்டியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீலகிரியில் வெள்ளையர்கள் குடியேறியதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், தாங்கள் பிறந்த ஊரின் வானிலையைத் திரும்பக் கண்டுபிடித்த சந்தோஷம் அதில் பெரிய பங்கு. 1848இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்பவர் வந்து அங்கே தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் மலையிலிருந்து இறங்கி இன்றும் நம் சந்தையில் ‘இங்கிலீஷ் காய்’ என்றே விற்கின்றன. 1877இல் வைஸ்ராய் லிட்டன் ஊட்டிக்கு வந்தார். மழை பெய்து, பாதையெல்லாம் சேறு. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்த மழையையும் சேற்றையும் அசல் இங்கிலாந்து மழை, அசல் இங்கிலாந்து சேறு என்று சொல்லி உருகியிருக்கிறார். அழகான வானிலைப் பேச்சு, ஃபாக்ஸின் எல்லா விதிகளுக்கும் உட்பட்டது. ஆனால் அது தாது வருஷப் பஞ்சத்தின் காலம். முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்து, மலைக்குக் கீழே சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். லிட்டன் தென்னாட்டுக்கு வந்ததே அந்தப் பஞ்சத்தின் பொருட்டுத்தான்.

லிட்டனைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். நான் சொல்லவருவது வேறு. மழையைப் பற்றி ரசனையாகப் பேச, மழை பொய்த்தாலும் பேசுகிறவன் சாகாமல் இருக்க வேண்டும். பிரிட்டனில் வானிலை எல்லாருக்கும் பொதுவான, யாரையும் புண்படுத்தாத பேச்சாக நிலைத்ததற்கு அந்தக் கடலின் கருணை காரணம். மதம் பேசினால் சண்டை, அரசியல் பேசினால் சண்டை, சம்பளம் கேட்டால் அநாகரிகம். வானிலை மட்டும் யார் பக்கமும் சாயாமல் இருந்தது. அளவோடு பெய்யும் வானம் ஒரு செல்வம் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

1976 கோடையில் ஒரு முறை அது நூலிழையில் ஆடியது. குழாயில் தண்ணீர் நின்று, தெருமுனைக் குழாயில் வாளியோடு வரிசையில் நின்றார்கள். குளித்த தண்ணீரைப் பீன்ஸுக்கு ஊற்றினார்கள். ஆகஸ்ட் கடைசியில் டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராகப் போட்டார்கள். சில நாட்களில் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. இப்போதும் வயதானவர்கள் அந்தக் கோடையைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். நகைச்சுவையாகச் சொல்ல முடிந்த கடைசி வறட்சி அதுவாக இருக்கலாம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. அந்தத் தீவில் நாற்பதைத் தொட்டது அதுவே முதல் தடவை. வேலூர்க்காரர்களுக்கு நாற்பது ஒரு சாதாரண ஏப்ரல் நாள். வெயிலை உள்ளே வாங்கிச் சேமிக்கவென்றே கட்டிய செங்கல் வீடுகளில், மின்விசிறிகூட இல்லாமல் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அப்படியில்லை. அந்தக் கோடையின் வெப்ப அலைகளில் மட்டும் இங்கிலாந்தில் ஏறத்தாழ 3,000 பேர் கூடுதலாக இறந்ததாக அரசு மதிப்பிட்டது.

ஆனால் பேச்சை உண்மையில் சிக்கலாக்கியது கோடை இல்லை. பிப்ரவரி. 2019 பிப்ரவரி 26 அன்று கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி பதிவானது, பிரிட்டனின் குளிர்கால வரலாற்றிலேயே அதிகம். அப்படிப்பட்ட நாளில் ஒருவர் எதிரே வந்து ‘அருமையான நாள், இல்லையா?’ என்றால் என்ன சொல்வது? உடம்பு ஆமாம் என்கிறது. பிளம் மரம் ஏமாந்து மொட்டு விடுகிறது. பிறகு ஏப்ரல் வரும். 2021 ஏப்ரலில் அறுபது ஆண்டுகளில் காணாத அளவுக்கு உறைபனி இரவுகள் வந்து, முந்திக்கொண்டு பூத்ததையெல்லாம் எரித்துவிட்டுப் போயின. ‘ஆமாம்’ என்று சொன்னால் பொய், ‘இல்லை’ என்று சொன்னால் அரசியல். ஒத்துப்போகவென்றே தேர்ந்தெடுத்த ஒரே விஷயம் இன்று யார் எந்தக் கட்சி என்று காட்டிக்கொடுக்கும் விஷயமாகிவிட்டது. இளைஞர்கள் சிலர் அந்தக் கேள்விக்குக் காலநிலைப் பிரசங்கமே நடத்துகிறார்கள். நியாயம்தான் என்றாலும் பஸ் நிறுத்தத்தில் அது தாங்குவதில்லை.

தோட்டக்காரர்கள் ஓசையில்லாமல் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். எசெக்ஸில் பெத் சாட்டோ 1990களின் தொடக்கத்திலேயே ஒரு பழைய கார் நிறுத்துமிடத்தில் சரளைக்கல் தோட்டம் போட்டு, வேர் பிடித்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வளர்த்துக் காட்டினார். அன்று அதை ஒரு விசித்திரமாகப் பார்க்கப்போனவர்கள் இப்போது பாடம் படிக்கப்போகிறார்கள். பச்சைப் புல்வெளியைக் கௌரவமாக நினைத்தவர்கள் அது பழுப்பாகிக் கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறார்கள். எங்கள் அலாட்மென்டில் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பீப்பாய் இல்லாத ஷெட் இப்போது இல்லை.

பேச்சும் மாறியிருக்கிறது. பா அந்த விதிகளை என்றுமே மதித்தவர் இல்லை. சூடான பிப்ரவரி நாளில் எல்லாரும் கோட்டைக் கழற்றிவிட்டு முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் மட்டும் வானத்தைப் பார்த்து, ‘இது நல்லதுக்கில்லை’ என்று உரக்கச் சொல்வார். சௌராஷ்டிரத்தில் மழை வராத ஆண்டுகளைச் சின்ன வயதில் பார்த்த வாய் அது. முன்பெல்லாம் அதைக் கேட்டதும் மற்றவர்கள் மரியாதையாகப் புன்னகைத்துப் பேச்சை உருளைக்கிழங்குக்கு மாற்றிவிடுவார்கள். இப்போது அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள் போலத் தோன்றுகிறது. தாங்களே சொல்ல வாய் வராது, வளர்ப்பு அப்படி. பா சொல்லிவிட்டால் ரயில்வேக்காரர் தலையை ஆட்டி, ‘ஆமாம், மீ டக், இல்லைதான்’ என்கிறார். ஒத்துப்போகும் விதிக்குப் பங்கமில்லை. அடுத்து பேச்சு யார் பீப்பாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்குப் போய்விடுகிறது. பாவிடம் இரண்டு பீப்பாய், இரண்டும் நிறைந்திருக்கின்றன. கேட்டால் தருவார், வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.